லூசிட் ட்ரீமுக்கு மாத்திரை போடலாமா?

கேள்வி இதுதான். கேட்பவருக்கு 25 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. மூன்று மாதமாக லூசிட் ட்ரீமுக்கு, அதாவது கனவுக்குள் இருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடும் தெளிகனவுக்கு, முயற்சி செய்கிறார். ஒரே ஒரு முறை அமைந்தது, அதுவும் சில வினாடிதான். அமெரிக்காவிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லி, தெளிகனவுக்கென்று விற்கிற கலான்டமைன் 8 மி.கி. கேப்ஸ்யூலும் அதோடு சேர்த்துப் போடும் ஆல்ஃபா ஜிபிசியும் வாங்கி வரச் சொல்லலாமா, இல்லை வைட்டமின் பி6 100 மி.கி. போட்டாலே போதுமா, பக்கவிளைவை நினைத்தால் பயமாக இருக்கிறது என்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: “சின்ன வயசிலிருந்து வீசிங் உண்டு, மழைக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பேன்.”

தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நான் மருந்தாளுநர். 17 வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. தெளிகனவுப் பைத்தியமும் எனக்குக் கொஞ்சம் உண்டு. இரண்டு வகையிலும் யோசித்துச் சொல்கிறேன்: வீசிங் இருக்கும் உங்களுக்குக் கலான்டமைன் வேண்டாம். 8 மட்டுமல்ல, 4 மி.கி.யும் வேண்டாம். ஏன் என்று சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனம் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. கலான்டமைன் அந்த நொதியைத் தடுக்கும். உடையாமல் மிஞ்சும் அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் நின்று வேலை செய்யும். நாம் கனவு காணும் ரெம் தூக்கத்தில் மூளையை ஓட்டுவதே பெரும்பாலும் இந்த அசிட்டைல்கோலின்தான். அந்த நேரத்தில் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மற்ற மூளை ரசாயனங்கள் ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். ஆகவே அசிட்டைல்கோலினை ஏற்றினால் கனவு கூர்மையாகும் என்பது அறிவுக்குப் பொருந்துகிற கணக்கு. ஆனால் விழுங்கிய மாத்திரை மூளைக்கு மட்டும் போய்ச் சேராது. மூச்சுக்குழாயில் அசிட்டைல்கோலின் கூடினால் குழாய் சுருங்கும், சளி கூடும். இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் நெபுலைசரில் இப்ராட்ரோப்பியம் என்று ஒரு மருந்து சேர்த்துப் போடுவார்கள். அது மூச்சுக்குழாயில் இதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிற மருந்து. டாக்டர் அடைக்கப் பார்க்கிற கதவை நீங்கள் காசு கொடுத்துத் திறந்துவிடப் போகிறீர்கள்.

நேரமும் தோதாக இல்லை. தெளிகனவுக்காக இதைப் படுக்கும்போது போடமாட்டார்கள், நாலரை ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு நடுவில் எழுந்து போடுவார்கள். விடியற்காலை மூன்றரை, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய் தன்னாலேயே அதிகம் சுருங்கியிருக்கும் நேரமும் அதுதான். சின்ன வயதில் எத்தனை மணிக்கு இளைப்பு உங்களை எழுப்பியது என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அவர்தானே கூட உட்கார்ந்திருந்திருப்பார்.

சரி, உங்கள் விஷயம் அது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும், ‘அப்படியென்ன அந்த மாத்திரையில் இருக்கிறது’ என்ற உங்கள் ஆசைக்காகவும் கலான்டமைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தெளிகனவு என்று சொல்லி விற்கிற எல்லாவற்றிலும் ஓரளவு உருப்படியான ஆதாரம் இருப்பது இதற்கு மட்டும்தான்.

ஸ்னோடிராப் என்று குளிர்நாட்டில் பனி விலகும்போது பூக்கிற சின்ன வெள்ளைப் பூச்செடி ஒன்று உண்டு. 1950களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் அந்தக் குடும்பத்துச் செடிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். போலியோவுக்குப் பின் வரும் தசைத் தளர்ச்சிக்குக் கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் தசை தளர்த்தும் மருந்தின் வேகத்தை முறிக்கவும் பயன்பட்டது. 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் மறதி நோய்க்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் அதற்காகத்தான், டாக்டர் சீட்டு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் மட்டும் ஒரு வினோதம்: ஒரு பக்கம் சீட்டுக்குத் தரும் மருந்து, இன்னொரு பக்கம் அதே சாமான் ‘சப்ளிமெண்ட்’ என்று பாட்டிலில். பாட்டிலில் ‘இயற்கையானது, பூவிலிருந்து எடுத்தது’ என்று போட்டிருக்கும். அரளியும் பூதான்.

இப்போது அந்த ஆராய்ச்சி. தெளிகனவு என்பது கட்டுக்கதை அல்ல என்று நிரூபித்தவர்களில் ஒருவர் ஸ்டீஃபன் லாபெர்ஜ். ரெம் தூக்கத்தில் உடம்பு முழுக்கச் செயலற்றுக் கிடந்தாலும் கண் மட்டும் அசையும். அதை வைத்து, ‘கனவில் தெளிவு வந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை முறை ஆட்டு’ என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, தூங்குகிறவரிடமிருந்தே சைகை வாங்கினார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் முதலில் செய்தார். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லாபெர்ஜ் தனியாகச் செய்து காட்டினார். இதே லாபெர்ஜ் தன் குழுவோடு 2018இல் வெளியிட்டதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் கலான்டமைன் ஆய்வு. 121 பேர், அடுத்தடுத்து மூன்று இரவு. ஒருநாள் வெற்று மாத்திரை, ஒருநாள் 4 மி.கி., ஒருநாள் 8 மி.கி. எந்த நாள் எது என்று போட்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வெற்று மாத்திரை போட்ட இரவில் 14 சதவீதம் பேருக்குத் தெளிகனவு வந்தது. 4 மி.கி. போட்டபோது 27. 8 மி.கி. போட்டபோது 42.

14இலிருந்து 42. மூன்று மடங்கு. விற்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது முதல் எண்ணை. ஒன்றுமே இல்லாத மாத்திரைக்கு ஒரே இரவில் 14 சதவீதம் எப்படி வந்தது? அந்த 121 பேரும் வெறுமனே மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்தவர்கள் அல்ல. தெளிகனவில் ஈடுபாடு உள்ளவர்கள், அதற்கென்று நடந்த பயிற்சி முகாமில் கலந்துகொண்டவர்கள். நாலரை மணி நேரம் தூங்கி, எழுந்து, மாத்திரை போட்டு, குறைந்தது அரை மணி நேரம் படுக்கையை விட்டு வெளியே இருந்து, முறையாகப் பயிற்சி செய்துவிட்டுத்தான் மறுபடி படுத்தார்கள். மாத்திரை அந்தப் பயிற்சியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பயிற்சி இல்லாமல் 8 மி.கி. மட்டும் போட்டால் 42 வரும் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன், மறைக்க வேண்டியதில்லை. ஆறு வருடம் முன்னால், தெரிந்த டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, திட்டிவிட்டு, 4 மி.கி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்றே முக்காலுக்கு எழுந்து போட்டேன். அரை மணி கழித்துப் படுத்தால் தூக்கமே பிடிக்கவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, புளியங்காயை நினைத்தால் ஊறுமே அந்த மாதிரி. பிறகு தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு நிலை. கண் திறந்திருக்கிறது, மின்விசிறி தெரிகிறது, கை அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி கனம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம் தூக்கத்தின் செயலின்மை விழிப்போடு சேர்ந்து வந்துவிட்டது என்று எனக்குப் புத்தியில் தெரியும். தெரிந்தும் வேர்த்துவிட்டது. அதற்கப்புறம் கனவுகள் வந்தன, சினிமாஸ்கோப் போல அவ்வளவு துல்லியமாக. ஆனால் ஒன்றில்கூட அது கனவு என்று எனக்குத் தோன்றவில்லை! காலையில் இட்லித் தட்டைப் பார்த்ததும் குமட்டியது. மதியம் வரை ஒன்றும் இறங்கவில்லை. அன்றோடு சரி.

என் ஒருவனுக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். அந்த ஆய்விலும் வந்த தொந்தரவுகள் லேசானவைதான்: கொஞ்சம் வயிற்றுக் கோளாறு, கொஞ்சம் தூக்கமின்மை, மறுநாள் அசதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மறதி நோயாளிக்கு இதை ஆரம்பிக்கும்போது ஒரு வேளைக்கு 4 மி.கி. என்றுதான் டாக்டர் தொடங்குவார், நான்கு வாரம் பார்த்துவிட்டுத்தான் கூட்டுவார். வாந்தியும் நாடித்துடிப்பு குறைவதும் தாங்கிக்கொள்ளும் அளவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நிதானம். நீங்கள் முதல் நாளே ஒரே வேளையில் 8 போடப் பார்க்கிறீர்கள், வெறும் வயிற்றில், இருட்டில்.

நாடித்துடிப்பு குறைவதைத்தான் வெளியில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. அசிட்டைல்கோலின் இதயத்தையும் மெதுவாக்கும். ஏற்கெனவே துடிப்பு குறைவாக இருப்பவர், இதயத்தில் மின்கடத்தல் தடை இருப்பவர், ரத்த அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ அட்டினலால், மெட்டோபுரோலால், புரோப்ரானலால் போடுபவர், இவர்களுக்குத் துடிப்பு இன்னும் இறங்கி, படுக்கையிலிருந்து எழுந்து பாத்ரூம் போகும் வழியில் மயங்கி விழ வாய்ப்பு இருக்கிறது. மைக்ரேனுக்காகப் புரோப்ரானலால் போடும் இளவட்டங்கள் நிறையப் பேர். அவர்கள் தங்களை இதய நோயாளியாக நினைப்பதே இல்லை, அதனால் எந்த எச்சரிக்கையும் தங்களுக்கு என்று படாது. வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கும் ஆகாது, அமிலம் கூடும். வலிப்பு வந்தவர்கள், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் தொடவே வேண்டாம். ஆபரேஷன் வைத்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், தசை தளர்த்தும் மருந்துகளோடு இது வினை செய்யும்.

மனநல மருந்து எடுப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. ஃப்ளூஆக்ஸிடின், பராக்ஸிடின் இரண்டும் கலான்டமைனை உடைக்கிற ஈரல் நொதியைத் தடுப்பவை. 8 மி.கி. போட்டாலும் உடம்புக்குள் அதைவிடக் கூடுதலாகப் போட்டதுபோல ஆகிவிடும். பூஞ்சைக்குப் போடும் கீட்டோகொனசோல் மாத்திரையும் எரித்ரோமைசினும் இதே ரகம். இன்னொன்று இதைவிட மோசமானது. மனச்சோர்வு மருந்துகளில் பல ரெம் தூக்கத்தைக் குறைக்கும், அதனால் கனவும் குறையும். ‘கனவு வேண்டும்’ என்பதற்காக அந்த மருந்தை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன் என்று என்னிடமே ஒருவர் சொல்லியிருக்கிறார். நிறுத்தினால் கனவு வரும், உண்மை. அடக்கி வைத்திருந்த ரெம் தூக்கம் அணை உடைந்த மாதிரி வரும், பெரும்பாலும் கெட்ட கனவாக. கூடவே தலைசுற்றல், எரிச்சல், பழைய சோர்வு எல்லாம் திரும்பி வரும். இதற்காக அதை நிறுத்தாதீர்கள். பைபோலார் இருப்பவர்களும், இல்லாததைக் காண்பது கேட்பது போன்ற அனுபவம் எப்போதாவது வந்தவர்களும் மாத்திரை மட்டுமல்ல, நடு இரவில் எழுந்திருக்கும் இந்தப் பயிற்சியையே டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. தூக்கம் கெட்டாலே மேனியா, அதாவது அளவு மீறிய மன எழுச்சி, கிளம்பிவிடும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கலான்டமைன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குப் போட்டால், காலை பதினொரு மணி மீட்டிங்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பாதி மருந்து இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால் அரைத் தூக்கத்தோடு பைக்கில் ஓ.எம்.ஆர். போயாக வேண்டும். முழுசாக வெளியேற ஒன்றரை நாள் பிடிக்கும். இதனால்தான் அனுபவசாலிகள்கூட அடுத்தடுத்த நாள் போடுவதில்லை.

பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது வேறு கதை. அமெரிக்காவில் சப்ளிமெண்டாக விற்கும் கலான்டமைனை வாங்கிப் பரிசோதித்து 2024இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். லேபிளில் எழுதியிருந்த அளவோடு ஒப்பிட்டால் ஒன்றில் 2 சதவீதம்கூட இல்லை, இன்னொன்றில் 110 சதவீதம். சிலவற்றில் வயிற்றுப்போக்கு வரவைக்கும் பாக்டீரியாவும் இருந்தது. சீட்டுக்குத் தரும் மாத்திரைகளில் அளவு ஏறக்குறைய சொன்னபடி இருந்தது. ஆக, ‘நான் 8 போட்டேன், ஒன்றுமே ஆகவில்லை’ என்று ஒருவர் எழுதினால் அவர் போட்டது 8 தானா என்றே தெரியாது. அந்தத் தைரியத்தில் நீங்கள் வேறு கம்பெனி 8 வாங்கிப் போட்டால் அது நிஜ 8 ஆக இருந்து தொலைக்கும்.

அடுத்து பி6, அதாவது பைரிடாக்சின். இது வைட்டமின்தானே என்ற அலட்சியம் இதில்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2002இல் 12 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. 250 மி.கி. போட்ட நாட்களில் கனவு கூடுதல் அழுத்தமாக வந்தது என்றார்கள். 12 பேரை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. 2018இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி குழுவினர் 100 பேரை வைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் 240 மி.கி., தொடர்ந்து ஐந்து நாள். கனவு கூடுதலாக ஞாபகம் இருந்தது. அவ்வளவுதான். கனவு பளிச்சென்று ஆகவில்லை, விசித்திரமும் கூடவில்லை. அதே ஆய்வில் பி காம்ப்ளெக்ஸ் கலவையாகப் போட்டவர்கள் தூக்கம் சரியில்லை, எழும்போது அசதி என்றார்கள். ஆகவே பி6 தெளிகனவு மாத்திரை அல்ல, கொஞ்சம் ஞாபகத்துக்கு உதவலாம்.

அதற்கு உடம்பு கொடுக்கிற விலை என்ன? பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே சுமார் ஒன்றரை இரண்டு மி.கி.தான். 100 என்பது அதைப்போல 50 மடங்கு. அமெரிக்காவில் தினசரி உச்ச வரம்பு 100 மி.கி. என்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் வரம்பை 12 மி.கி.க்கு இறக்கிவிட்டது. எதற்கு இவ்வளவு கறார்? பி6 அளவுக்கு மீறினால் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும். வேடிக்கை என்னவென்றால் காசநோய்க்கு ஐசோநியாசிட் கொடுக்கும்போது நரம்பு கெடாமல் இருக்கக் கூடவே கொடுப்பதும் இதே பி6தான், சின்ன அளவில். நரம்பைக் காக்கிற சாமான் கூடினால் நரம்பையே தின்கிறது. 1983இல் முதன்முதலாக இதைப் பதிவு செய்தபோது அந்த ஏழு நோயாளிகளும் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறையாமல் மாதக்கணக்கில் எடுத்தவர்கள். அதன் பிறகு அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே, நாள் பட எடுத்தவர்களுக்கு, வந்திருப்பதைப் பார்த்துத்தான் வரம்பை இறக்கிக்கொண்டே வருகிறார்கள்.

எப்படித் தெரியும்? காலில்தான் ஆரம்பிக்கும். விரல் நுனி மதமதவென்று, எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது தெரியாது. என் கவுன்டருக்கு வந்த ஒருவர் படியேறும்போது ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார், இன்னொன்று வாசலில் கிடந்தது. சர்க்கரை இருக்கும் என்று நினைத்தேன், இல்லையாம். பையைத் திறக்கச் சொன்னால் உள்ளே நரம்புக்கு ஒரு மாத்திரை, ஜிம்மில் கொடுத்த மல்டிவைட்டமின் ஒன்று, தூக்கத்துக்கு என்று ஒன்று. மூன்றிலும் பின்பக்கம் பொடி எழுத்தில் பைரிடாக்சின். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை, கூட்டினால் தினமும் நூற்றுச் சொச்சம், ஒன்றரை வருடமாக. நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன். நிறுத்தி ஆறேழு மாதத்தில் பெரும்பகுதி சரியானது, முழுசாக அல்ல. நீங்கள் பி6 போட்டுத்தான் தீருவேன் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எல்லா அட்டையையும் பாட்டிலையும் திருப்பிப் பார்த்துக் கூட்டுங்கள், எனர்ஜி டிரிங்க் டின் உட்பட. தினமும் வேண்டாம். மதமதப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் பி2வின் வேலை.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆல்ஃபா ஜிபிசி, கோலின் எல்லாம் அசிட்டைல்கோலினுக்கு மூலப்பொருள், சேர்த்தால் கலான்டமைன் நன்றாக வேலை செய்யும் என்ற ஊகத்தில் விற்கிறார்கள். தனியாக அது தெளிகனவை வரவைக்கும் என்று நம்பும்படி ஆதாரம் இல்லை. அதிகம் போனால் வேர்த்துக்கொட்டும், அழுத்தம் இறங்கும், உடம்பில் மீன் வாடை வரும். ஒரு முட்டையிலேயே சுமார் 150 மி.கி. கோலின் இருக்கிறது. ஹூபர்சைன் ஏ கலான்டமைனின் சகோதரன், அதே நொதியைத் தடுப்பது, இன்னும் நீண்ட நேரம் உடம்பில் நிற்பது. உங்களுக்கு அதுவும் ஆகாது, இரண்டையும் சேர்த்து யாருமே போடக் கூடாது. மெலட்டோனின் தூக்க நேரத்தைச் சரிசெய்ய உதவும், சிலருக்குக் கனவு கலர் கலராக வரும், தெளிவு வராது. உடம்பில் செரட்டோனினாக மாறும் 5-எச்டிபி மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் செரட்டோனின் எகிறி ஆபத்தாகிவிடும். மெக்சிகோவின் ‘கனவு மூலிகை’, தென்னாப்பிரிக்காவின் ‘கனவு வேர்’ என்றெல்லாம் வரும் பொட்டலங்கள் அந்தந்த ஊர் மக்களின் சடங்கோடு சேர்ந்தவை. அளவும் தெரியாமல் தரமும் தெரியாமல் நாம் கஷாயம் போட்டுக் குடிக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சரக்கையும் கேட்பீர்கள். அமுக்கரா தூக்கத்துக்கு ஓரளவு உதவும் என்கிறார்கள், தெளிகனவுக்கு அல்ல. சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்திருக்கிறது என்பதால் மாதக்கணக்கில் கேள்விமுறை இல்லாமல் போட வேண்டாம். ஜாதிக்காய் பாலில் ஒரு சிட்டிகை என்பது வேறு, இணையத்தில் பார்த்துவிட்டு ஒரு முழுக்காயை அரைத்துக் குடிப்பது வேறு. அது நாள் முழுக்கப் படபடப்பும் வாந்தியும் பிரமையுமாகப் போட்டு எடுக்கும். ஊமத்தை பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அசிட்டைல்கோலினை அடைக்கிற விஷம். அதில் வருவது கனவு அல்ல, சித்தப்பிரமை. ஐசியுவில் முடியும்.

அப்போ என்னதான் செய்வது? இதே ஆஸ்பி 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார், அதில் மாத்திரையே கிடையாது. பகலில் அவ்வப்போது ‘இது கனவா’ என்று சோதிப்பது, ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் எழுவது, திரும்பப் படுக்கும்போது லாபெர்ஜ் உருவாக்கிய நினைவுப் பயிற்சி. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்த 47 பேருக்கு ஒரு வாரத்தில் சராசரியாக 17 சதவீத முயற்சி பலித்தது. பயிற்சி முடித்து ஐந்தே நிமிடத்துக்குள் தூங்கிவிட்ட முயற்சிகளை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய 46 சதவீதம்! கலான்டமைனின் 42ஐயும் இதையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கணக்கு. இருந்தாலும் எழுந்த பிறகு சீக்கிரம் திரும்பத் தூங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அலாரம் அடித்ததும் போனை எடுத்து மெசேஜ் பார்த்தால் போச்சு. நான் பழைய மணி அலாரம் வைத்திருக்கிறேன், அறையின் மறுகோடியில்.

நினைவுப் பயிற்சி இவ்வளவுதான்: எழுந்ததும் கடைசியாகக் கண்ட கனவைத் துண்டு துண்டாக ஞாபகப்படுத்துங்கள். அதில் நிஜத்தில் நடக்கவே முடியாத ஒன்றைப் பிடியுங்கள், செத்துப்போன தாத்தா வந்தார், பழைய பள்ளிக்கூடத்தில் இப்போதைய மேனேஜர் பாடம் நடத்தினார் என்கிற மாதிரி. ‘அடுத்த முறை கனவு காணும்போது இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, அதே கனவுக்குள் திரும்பப் போய் அந்த இடத்தில் சுதாரிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு தூங்குங்கள். வெறுமனே மந்திரம் மாதிரி முணுமுணுத்தால் வராது, அர்த்தத்தோடு சொல்ல வேண்டும்.

எனக்கு முதல் தெளிகனவு வந்தது இப்படித்தான், எந்த மாத்திரையும் இல்லாமல். டவுன் பஸ்ஸில் போகிறேன், கையில் டிக்கெட். பார்த்தால் 7 ரூபாய். வெளியே பார்த்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகர்ந்து வேறு எண்ணாகிவிட்டது. கனவில் எழுத்து நிலையாக நிற்காது என்று பகலில் எத்தனையோ தடவை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகியிருந்தேன், அது கைகொடுத்தது. ‘அட, கனவு!’ என்று குதித்தேன், குதித்த குதிப்பில் விழித்துவிட்டேன். உங்களுக்குச் சில வினாடியில் கலைந்ததும் இதே காரணத்தால்தான் இருக்கும். அடுத்த முறை பரபரக்காமல், கனவுக்குள்ளேயே இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டு எதிரில் இருக்கும் பொருளை உற்றுப் பாருங்கள். பலருக்கு அது கனவைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது.

வாரத்தில் இரண்டு இரவு போதும், மறுநாள் லீவாக இருக்கிற நாளாகப் பார்த்து. தினமும் மூன்றரைக்கு எழுந்தால் கனவு வருவதற்கு முன்னால் வேலை போய்விடும். மூன்று மாதத்தில் ஒன்று என்பது மோசமான கணக்கும் அல்ல. அப்புறம் ஒன்று: இப்போது மழைக்காலத்தில் ராத்திரி இளைப்பில் எழுந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். நெஞ்சு டாக்டரைப் பார்த்து இன்ஹேலரைச் சரிசெய்துகொள்ளுங்கள், தூக்கம் ஒழுங்கானால் ரெம் தூக்கமும் ஒழுங்காகும்.

நண்பர் ஏற்கெனவே அந்த கேப்ஸ்யூலை வாங்கிவிட்டார் என்றால், ‘மறதிக்குத்தானே இந்த மருந்து’ என்று வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வயதில் பிரஷருக்கு அட்டினலாலோ மெட்டோபுரோலாலோ போடுபவர்கள் நிறைய.